சிங்கப் பாட்டும் பதிப்புரிமைச் சட்டமும்

பாடிப் பிழைப்போர் ஒரு சாரார். பிழைப்புக்குரிய வேலை முடிந்தபின் பாடுவோர் மற்றொரு சாரார். இசைவரலாறு எழுதினோர் பெரும்பாலும் முந்தியோரைப் பற்றியே எழுதினர். பகலிலே சுமை தூக்கியும் கோப்பை கழுவியும் இரவிலே கூடிப் பாடிய பிந்தியோர், தம் பாட்டைத் தனியொருவருடையது என்று கருதியதிலும் தம் கூட்டத்தாருடையது என்றே பெரிதும் கருதினர். கேட்டவன் பாடலாம், பாடியவன் மாற்றலாம், மாற்றியதை மற்றொருவன் தன் ஊருக்குக் கொண்டு போகலாம். இவ்வழக்கத்திற்கும், பாட்டை ஒருவனுடைய ஆதனமாகக் கொள்ளும் பதிப்புரிமைச் சட்டத்திற்கும் இடையே நேர்ந்த முரண் இருபதாம் நூற்றாண்டிலே பல நாடுகளில் வெளிப்பட்டது. அவற்றுள் மிகத் தெளிவான சான்று, தென்னாபிரிக்காவிலே தோன்றிய ‘ம்பூபே’ என்னும் பாட்டின் வரலாறாகும். சூலு மொழியில் அச்சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். 1939 இல் இசைத்தட்டில் ஏறிய இப்பாட்டின் உரிமை பற்றிய பிணக்கு 2006 இலேயே தீர்ந்தது. அதனைத் தீர்க்க உதவிய சட்டமோ, இலங்கையிலும் 1979 வரை நடைமுறையில் இருந்த அதே ஆங்கிலச் சட்டமாகும்.

இப்பாட்டை ஆக்கிய சொலமன் லிண்டா 1909 இல் நேற்றால் மாகாணத்துப் பொமரோய் என்னும் சிற்றூரின் அயலிலே பிறந்தார். மிசன் பாடசாலையிற் கற்ற காலத்திலே கிறித்தவக் கீதங்களின் பல்குரல் அமைப்பு அவருக்குப் பழக்கமாயிற்று. சூலு மக்களின் கலியாணப் பாட்டுக்களோ, ஒருவர் முன்பாட ஏனையோர் பின்பாடும் முறையின. இவ்விரு மரபும் அவரிடத்திலே கலந்தன. 1913 இல் நிறைவேறிய நிலச்சட்டம் நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்களவையே ஆபிரிக்கருக்கு ஒதுக்கிவிட்டது. வரியையோ காசாகவே கட்டவேண்டியிருந்தது. ஆகவே இளைஞர் கூட்டங்கூட்டமாக நகரங்களை நாடிச் சென்றனர். லிண்டாவும் 1931 இல் யோகன்னஸ்பேர்க் நகரை அடைந்து, முதலில் ஒரு தளபாடக் கடையிலும் பின்னர் ஓர் ஓட்டலிலும் வேலை செய்தார்.

தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த அந்நகரிலே இத்தகைய தொழிலாளர் பலர், மனைவி மக்களை ஊரில் விட்டு ஆடவர் விடுதிகளிலே தங்கினர். கிழமை முழுதும் முதலாளிக்கு உழைத்தவர்களுக்குச் சனி இரவு ஒன்றே சொந்தமாயிருந்தது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பாடினர். குழுக்களிடையே போட்டிகள் நடைபெற்றன. சனி இரவு தொடங்கிய போட்டி ஞாயிறு விடியும்வரை நீளும். நடுவரைத் தெரிந்தெடுக்கும் முறை விசித்திரமானது. குழுக்களுள் எவரையும் அறியாத அந்நியர் ஒருவரையே, பெரும்பாலும் வெள்ளையர் ஒருவரையே, வழியிலிருந்து அழைத்து வந்து இருத்துவர். பாட்டின் மொழி தெரியாமையே நடுவுநிலைமைக்கு உறுதி என்று அவர்கள் கொண்டனர் போலும். வென்ற குழுவுக்குச் சிறிது பணமோ ஓர் ஆடோ பரிசாகக் கிடைக்கும். அப்பரிசை நம்பி எவரும் வாழவில்லை.

இப்பாடகர்கள் எடுத்தாண்ட இசையும் பல வழிகளால் வந்து சேர்ந்ததேயாம். 1890 ஆம் ஆண்டு தொடங்கி ஓர்ஃபியஸ் மக்காடூ என்பவரின் தலைமையில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் குழுவொன்று தென்னாபிரிக்காவிலே பயணஞ்செய்து பாடியது. அப்பாடகர்களின் குரலமைப்பும் மேடை ஒழுங்கும் மிசன் பாடசாலைகள் வழியாக நாட்டுப்புறம்வரை பரவின. அமெரிக்காவிலிருந்து ஆபிரிக்காவுக்குச் சென்ற அவ்விசைக்கு எவரும் விலை கேட்கவில்லை. கொண்டவரும் கொடுத்ததாகச் செய்தியில்லை. அறுபது ஆண்டுகளின் பின் அதே வழியில் ஒரு பாட்டு எதிர்த்திசையிலே சென்றபோது நடந்தது வேறு.

லிண்டாவும் அவருடைய ஊரவர் ஐவரும் ‘மாலைப் பறவைகள்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு குழுவை அமைத்திருந்தனர். கோடிட்ட மேற்சட்டையும் வட்டத் தொப்பியும் இரு நிறச் சப்பாத்தும் அணிந்து அவர்கள் மேடையேறுவர். நகரத்து நாகரிக உடையில் நாட்டுப்புறத்துப் பாட்டு ஒலித்தது. பாடும் முறையிலும் லிண்டா ஒரு புதுமை செய்தார். தாழ்ந்த குரலை ஒருவரே பாடும் வழக்கத்தை விடுத்துப் பலரை அதற்கு நிறுத்தினார். அக்கனத்த தளத்தின்மீது தம்முடைய உச்சக் குரல் தனித்து உலாவுமாறு செய்தார். கலியாண வீடுகளிலும் போட்டிகளிலும் அக்குழுவின் புகழ் பரவிற்று.

எரிக் கலோ என்பவர் நிறுவிய இசைத்தட்டுக் கம்பனியின் தொழிற்சாலையிலே 1930களின் பிற்பகுதியில் லிண்டா வேலைக்கு அமர்ந்தார். இசைத்தட்டுக்களைப் பொதி செய்வதே அவ்வேலை. அக்கம்பனிக்காகக் கறுப்பினக் கலைஞரைத் தேடிச் சேர்த்துவந்த கிரிபித்ஸ் மொட்சியெலோவா என்பவர் குழுவை அழைத்து ஒலிப்பதிவு செய்வித்தார். 1939 இல் ‘ம்பூபே’ பதிவாயிற்று. பாட்டின் சொற்கள் மிகச் சில. சுருதிக் கூட்டுக்கள் மூன்றே. இளமையில் மாடு மேய்த்தபோது சிங்கத்தை விரட்டிய நினைவே அதன் பொருள் என்பர். இரு முறை பாடியும் நிறைவு ஏற்படாது மூன்றாம் முறை பாடியபொழுது, பாட்டின் முடிவை அண்மித்த இடத்திலே லிண்டா முன்னர் எண்ணியிராத ஒரு மெட்டை உச்சக் குரலில் இழைத்தார். ஒத்திகையிலும் இல்லாத, தாளிலும் இல்லாத அந்தச் சில சுரங்களே பின்னர் உலகமெல்லாம் அறிந்த மெட்டாயின. ஒலிப்பதிவுக் கருவி அங்கே இல்லாதிருப்பின் அவை அந்த அறையோடு மறைந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை வேறொரு வடிவிலே தோன்றியும் இருக்கலாம்.

இசைத்தட்டு பத்து ஆண்டுகளுள் ஏறத்தாழ 100,000 படிகள் விற்பனையாயிற்று என்பர். அக்காலத்து ஆபிரிக்க இசைத்தட்டு வணிகத்திலே அது பெருந்தொகை. பாட்டின் உரிமையை லிண்டா 1952 இலே கம்பனிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு அவர் பெற்ற விலை பத்துச் சிலிங். பாடற்குழு அதற்கு முன்னரே, 1948 இற் கலைந்துவிட்டது.

இவ்விடத்திலே சட்டத்தின் நிலையை நோக்குதல் வேண்டும். 1911 இல் இலண்டன் பாராளுமன்றம் நிறைவேற்றிய பதிப்புரிமைச் சட்டம், 1912 யூலை முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. பேரரசு முழுவதுக்கும் ஒரே முறையை வகுப்பது அதன் நோக்கம். தென்னாபிரிக்கா 1916 இல் அதனைத் தன் சட்டமாக ஏற்றுக்கொண்டது. இந்தியா 1914 இற் சில மாற்றங்களுடன் ஏற்றது. இலங்கையிலோ 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டக்கோவை வரும்வரை அதுவே வழங்கிற்று. அச்சட்டம் பதிவு முறையை ஒழித்தது. ஒருவன் ஒன்றை ஆக்கினால், ஆக்கிய கணத்திலேயே உரிமை பிறக்கும். கச்சேரிக்குப் போய் முத்திரை பெறவேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும் அதன்பின் 50 ஆண்டும் அவ்வுரிமை நிலைக்கும். எனவே பொதி கட்டும் தொழிலாளியான லிண்டாவுக்கும் இலண்டனிற் புகழ்பெற்ற இசையாசிரியனுக்கும் சட்டத்தின் முன்னே ஒரே நிலைதான். ஆனால் உரிமையைக் கொடுப்பதினும் அதனை வாங்குவதைச் சட்டம் இலகுவாக்கியிருந்தது. எழுத்திலே ஒரு கையொப்பம் போதும். தன்னிடம் இன்னதொரு பொருள் உண்டென்பதை அறியாதவனிடமிருந்து அதனை வாங்குதற்குப் பேரம் பேசவேண்டியதில்லையன்றோ!

சட்டத்தை வகுத்தோர் இவ்வபாயத்தை முற்றாக மறந்தாரல்லர். ஐந்தாம் பிரிவிலே ஒரு விதியைச் சேர்த்தனர். ஆக்கியோன் தன் வாழ்நாளில் உரிமையைக் கைமாற்றியிருந்தாலும், அவன் இறந்து 25 ஆண்டு கழிந்தபின் அக்கைமாற்றம் வலுவிழக்கும். எஞ்சிய 25 ஆண்டுக்குரிய உரிமை அவனுடைய மரண ஆதனத்தைச் சேரும். அம்மீட்சியுரிமையையும் முன்கூட்டியே விற்றுவிட ஆக்கியோன் உடன்பட்டிருப்பின் அவ்வுடன்பாடு செல்லாது. யாழ்ப்பாணத்துக் காணி வழக்கை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. அறுதியாக விற்ற காணி மீளாது. ஒற்றி வைத்த காணி மீளும். ஆக்கியோன் அறுதி உறுதியே எழுதிக் கொடுத்தாலும் சட்டம் அதனை ஒற்றியுறுதிபோலவே கொள்ளும். மீட்புப் பணமும் கட்டவேண்டியதில்லை. புகழ்பெற்ற ஆசிரியர்களின் குடும்பங்கள் வறுமையுறுவதைத் தடுக்கும் விதியாகக் கருதி, நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் பெயரால் இதனைச் சட்ட நூலோர் ‘டிக்கன்ஸ் விதி’ என வழங்குவர். இதற்கு முன்னோடியும் உண்டு. 1710 இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டமும் 14 ஆண்டு முடிவில் ஆசிரியன் உயிரோடிருந்தால் உரிமை அவனிடம் மீளும் என வகுத்திருந்தது. ஆங்கில ஆசிரியர்களை எண்ணி எழுதிய ஒரு பிரிவு யாருக்குப் பயன்பட்டது என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

இனி, பாட்டு கடல் கடந்த வரலாறு. 1940களின் முடிவிலே நாட்டுப்பாடல் திரட்டுநரான அலன் லோமாக்ஸ், கழித்துவிடப்பட்ட ஆபிரிக்க இசைத்தட்டுச் சிலவற்றைத் தம் நண்பர் பீற் சீகரிடம் கொடுத்தார். சீகர் அவற்றுள் ஒன்றைக் கேட்டு மெய்ம்மறந்து, பாட்டைக் காதாற் கேட்டே எழுதினார். ‘நீ சிங்கம்’ எனப் பொருள்படும் சூலுச் சொல் அவர் காதிலே ‘விமோவே’ என விழுந்தது. வீவர்ஸ் என்னும் அவருடைய குழு 1951 இல் அதனைப் பதிவு செய்தது. மறு ஆண்டு அது அமெரிக்காவிலே புகழடைந்தது. சீகர் அதனைப் பழைய சூலு நாட்டுப்பாடல் என்றே நம்பியிருந்தார். இசைத்தட்டிலே பாடகர் பெயர் இருந்தும், ஆபிரிக்காவிலிருந்து வந்த பாட்டுக்கு ஆசிரியன் ஒருவன் இருப்பான் என்ற எண்ணம் அக்காலத்து நல்ல மனத்தார்க்கும் எளிதில் எழவில்லை.

நாட்டுப்பாடல் எவர்க்கும் உரியதன்று. ஆனால் அதனைப் புதிதாக அமைத்தவர் அவ்வமைப்புக்கு உரிமை கோரலாம். இவ்வாயில் வழியாகவே அமெரிக்கப் பதிப்பாளர் பல பழம்பாட்டுக்களைத் தமதாக்கினர். ‘விமோவே’ பாட்டின் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டவர் போல் காம்பெல் என்பவர். அப்பெயருடைய மனிதர் எவரும் இல்லை. பழம்பாட்டுக்களுக்கு உரிமை பெறுதற்காக அக்குழுவினரும் பதிப்பாளரும் கைக்கொண்ட புனைபெயர் அது. இல்லாத மனிதருக்கு ஆசிரியர் என்னும் பெயர் கிடைத்தது. யோகன்னஸ்பேர்க்கில் உயிரோடிருந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. கலோ கம்பனி தன் உரிமையை எடுத்துக் காட்டியபோது உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்க உரிமை அமெரிக்கப் பதிப்பாளரிடமே நின்றது. ஆபிரிக்காவின் சில பகுதிகளுக்கான உரிமை கம்பனிக்குக் கிடைத்தது. லிண்டாவை எவரும் கேட்கவில்லை. பத்துச் சிலிங் கொடுத்த பின் கேட்கவேண்டிய தேவையும் சட்டப்படி இல்லை. ஆசிரியரைப் பற்றி அறிந்த சீகர் அவருக்கு ஆயிரம் டொலர் அனுப்பச் செய்தார். முறையான ஒப்பந்தம் செய்யாமல் விட்டதற்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார். அவர் வருத்தத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் ஒருமுறை அனுப்பிய கொடையும் ஆண்டுதோறும் வரவேண்டிய உரிமைப் பணமும் ஒன்றாகா.

1961 இல் ஜோர்ச் டேவிட் வைஸ் என்னும் பாடலாசிரியர் தம் தோழர் இருவருடன் சேர்ந்து அப்பாட்டை மீண்டும் மாற்றினார். லிண்டா மூன்றாம் முறை பாடியபோது இழைத்த அந்த மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களை அமைத்தார். உறங்கும் சிங்கத்தைப் பற்றிய அப்பாட்டை ரோக்கன்ஸ் என்னும் இளைஞர் குழு பாட, அவ்வாண்டு டிசம்பரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. ஆசிரியர் மூவரும் அமெரிக்கர்.

லிண்டா 1959 இலே மேடையிற் பாடிக்கொண்டிருக்கையில் மயங்கி வீழ்ந்தார். சிறுநீரக நோய் அவரை வாட்டிற்று. 1962 அக்டோபரில் இறந்தார். வங்கிக் கணக்கிலே அவர் விட்டுச்சென்றது 25 டொலரும் பெறாத தொகை. கல்லறையில் அவர் பெயர் பொறித்த கல்லை நிறுத்த 18 ஆண்டு சென்றது. அதே காலத்திலே அவருடைய மெட்டைப் பல நாட்டுப் பாடகர் பல மொழிகளிற் பாடிக்கொண்டிருந்தனர். 1994 இல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் ‘சிங்க அரசன்’ என்னும் சித்திரத் திரைப்படத்திலும் அது ஒலித்தது. 2000 ஆம் ஆண்டிலே றியன் மலான் என்னும் தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் இவ்வரலாற்றை விரித்து எழுதினார். பாட்டு ஈட்டிய உரிமைப் பணம் 150 இலட்சம் டொலர் வரையில் இருக்கும் என்பது அவர் மதிப்பு. அதற்குப் பின்னரே உலகம் லிண்டாவின் பெயரைக் கேட்டது.

இரக்கம் மிகுதியாக எழுந்தது. இரக்கத்தைக் கொண்டு வழக்காட இயலாது. லிண்டா 1952 இற் கையொப்பமிட்டார். அவர் மனைவியார் 1983 இலும் மக்கள் 1992 இலும் அமெரிக்கப் பதிப்பாளருக்குச் சாதகமாகப் பத்திரங்களிற் கையொப்பமிட்டனர். இவ்வளவு கையொப்பங்களையும் கடந்து செல்ல வழியொன்றைக் கண்டவர் ஓவன் டீன் என்னும் தென்னாபிரிக்கச் சட்டத்தரணி. அவர் எடுத்தது எல்லோரும் மறந்திருந்த டிக்கன்ஸ் விதியை. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் தென்னாபிரிக்காவில் 1965 இல் நீக்கப்பட்டதாயினும், அதற்கு முன் செய்த கைமாற்றங்களுக்கு அவ்விதி தொடர்ந்து பொருந்தும். ஆகவே லிண்டா இறந்து 25 ஆண்டு நிறைந்த 1987 இலே, முன்னாட் பேரரசின் நாடுகளில் உரிமை மீண்டுவிட்டது. மீண்டதும் மனைவியிடமோ மக்களிடமோ அன்று. மரண ஆதனத்தை நிருவகிப்போரிடம். எனவே குடும்பத்தார் இட்ட கையொப்பங்கள், தமக்கு இன்னும் வந்து சேராத பொருளைக் கைமாற்றிய கையொப்பங்கள் என்பது டீனின் வாதம். கல்வியறிவு குன்றிய குடும்பத்தார் விளங்காமல் இட்டனர் என்று மன்றாடாமல், சட்டத்தின் சொல்லைக் கொண்டே சட்டத்தின் முடிச்சை அவிழ்த்த இவ்வாதம் வியக்கத்தக்கது.

ஆதனத்துக்கு நிறைவேற்றுநர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் பெயரால் 2004 இலே டிஸ்னி நிறுவனத்தின்மீது தென்னாபிரிக்க நீதிமன்றில் வழக்குத் தொடரப்பட்டது. அந்நாட்டிலே இருப்பிடமில்லாத நிறுவனத்தை வழக்குக்கு உட்படுத்துவதெப்படி? அங்கே பதிவாகியிருந்த அதன் வணிகக் குறிகளை நீதிமன்றக் கட்டளையால் முடக்கியே உட்படுத்தினர். அவற்றுள் மிக்கி எலியும் டொனால்ட் வாத்தும் அடங்கும். பாட்டைக் காக்க அறியாதிருந்த ஒரு தொழிலாளியின் வழக்கு, உருவங்களை மிகக் கவனமாகக் காத்துவந்த நிறுவனமொன்றின் உரிமைகளைப் பிணையாகக் கொண்டு நடந்தது! விசாரணை 2006 பெப்ரவரியிற் தொடங்கவிருந்த வேளையிலே, வைஸ் அவர்களின் உரிமையை நிருவகித்த பதிப்பகம் இணக்கத்துக்கு வந்தது. ஆங்கிலப் பாட்டு ‘ம்பூபே’ பாட்டிலிருந்து பிறந்தது என ஒப்புக்கொள்ளப்பட்டது. லிண்டா இணையாசிரியராக ஏற்கப்பட்டார். 1987 முதல் வந்த வருமானத்தில் ஒரு பங்கும் பின்வரும் வருமானத்தில் ஒரு பங்கும் குடும்பத்தாருக்காக அமைத்த நம்பிக்கைப் பொறுப்பகம் ஒன்றுக்குச் செலுத்தப்படும் என முடிவாயிற்று. தொகை வெளியிடப்படவில்லை.

இத்தீர்வினால் விடைபெறாத வினா ஒன்று உண்டு. 1939 இலே பாடியவர் அறுவர். கனத்த குரலோர் அமைத்த தளம் இல்லையேல் லிண்டாவின் உச்சக் குரலுக்கு நிற்க இடமில்லை. விடுதிப் போட்டியிலே ஆடு பரிசாகக் கிடைத்திருப்பின் அறுவரும் பங்கிட்டிருப்பர். சட்டமோ மெட்டை ஆக்கிய ஒருவரையே தேடிற்று. வழக்கும் அவ்வொருவரின் ஆதனத்துக்கே உரியதாயிற்று. முன்பாடுபவனையும் பின்பாடுபவனையும் பிரித்துப் பழகாத ஓர் இசைமரபை, ஆசிரியன் ஒருவன் என்னும் அளவுகோலால் அளந்தபோது ஏனைய ஐவர் கணக்கிற் சேரவில்லை. கூட்டாகப் பாடுவோரின் உரிமையைக் காக்கத்தக்க பொருத்தமான சட்ட வடிவம் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்பை வகுத்ததாயினும், ஆசிரியன் பெயர் தெரிந்த இத்தகைய குழுப்பாட்டு அதனுள்ளும் எளிதில் அடங்காது.

லிண்டாவின் பாட்டுப் பெயர் பின்னர் அவ்விசைப் பாணிக்கே பெயராயிற்று. தென்னாபிரிக்க விடுதிகளிலே அப்பாணியிற் பாடிய குழுக்கள் பல. அவற்றின் வழிவந்த யோசப் சபலாலாவின் குழு 1980களில் உலகப் புகழ் பெற்றது. தென்னாபிரிக்கச் சட்டப்படி ‘ம்பூபே’ பாட்டின் உரிமைக்காலம், ஆக்கியோன் இறந்து 50 ஆண்டு நிறைந்த 2012 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. டிக்கன்ஸ் விதி மீட்டுக் கொடுத்த 25 ஆண்டுகளுள் 17 ஆண்டு, வழக்குத் தொடுக்கப்படுமுன்னரே கழிந்திருந்தன.